அனுமதிக் கடிதத்துக்குப் பிறகு: யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆசிரியர்களை ஆய்வு செய்வதிலுள்ள சிரமங்கள்

யாழ்ப்பாண மாவட்டப் பாடசாலை ஆசிரியர்களின் தொழில் வாழ்க்கையையும் சமூக நிலையையும் பற்றி முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்யவிருப்பதாகவும், மாகாணக் கல்வித் திணைக்களத்தின் அனுமதி கிடைத்துவிட்டதாகவும், வினாக்கொத்துகள் அச்சிடப்பட்டு ஆயத்தமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இனி எதிர்ப்படக்கூடிய சிரமங்கள் எவை என்றும், நீங்கள் படித்த பாடசாலையை மாதிரியில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்துறையில் ஆய்வு மாணவர்களை வழிப்படுத்தி வருபவன் என்ற வகையில் விடையளிக்கிறேன். வினாக்கொத்துகளை இப்போதைக்கு வெளியே எடுக்க வேண்டாம். ஆசிரியர்களிடம் நீங்கள் எந்த வழியால் போய்ச் சேருகிறீர்கள் என்பதே அவர்கள் உங்களுக்குச் சொல்லப்போவதைப் பெருமளவுக்குத் தீர்மானிக்கும். மற்றச் சிரமங்களிற் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

அனுமதியை எடுத்துக்கொள்வோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் பின்னர் அரச பாடசாலைகள் இரண்டு நிருவாகங்களின்கீழ் இயங்குகின்றன. தேசிய பாடசாலைகள் பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள மத்திய கல்வி அமைச்சின் பொறுப்பிலும், ஏனையவை மாகாணத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. எனவே உங்கள் கையிலுள்ள கடிதம் மாகாணப் பாடசாலைகளுக்கே உரியது. தேசிய பாடசாலைகளுக்கு அமைச்சின் அனுமதியைத் தனியாகப் பெற்றுக்கொள்ளுங்கள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது அதற்குள் அடங்காது நின்ற வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி போன்றவை மூன்றாவது வகை. அங்கே அதிபரும் ஆளுகைச் சபையுமே தீர்மானிப்பார்கள். இந்த மூன்று வகைகளுள் எதையேனும் விட்டுவிடுவதாக இருந்தால் அதை ஆய்வேட்டில் வெளிப்படையாகக் கூறுங்கள். இடமாற்றத்துக்கு உட்படும் ஆசிரியரின் வாழ்க்கையும், ஒரே பாடசாலையில் ஓய்வு பெறும்வரை இருக்கக்கூடியவரின் வாழ்க்கையும் ஒன்றல்ல.

அனுமதி கிடைத்தபின் அது இறங்கிவரும் பாதையைக் கவனியுங்கள். திணைக்களத்திலிருந்து வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, அவரிடமிருந்து அதிபருக்கு, அதிபரிடமிருந்து பிரதி அதிபர் மூலமாக ஆசிரியர் ஓய்வறைக்கு என்று அது வருகிறது. ஆசிரியரின் கையில் உங்கள் வினாக்கொத்து சேரும்போது, அவருடைய இடமாற்றத்தையும் சம்பள ஏற்றத்தையும் பதவி உயர்வையும் விடுமுறையையும் தீர்மானிக்கிற எல்லா மேசைகளையும் தாண்டி அது வந்திருக்கிறது. முதற் பக்கத்தில் நீங்கள் இரகசியத்தைப் பற்றி என்ன உறுதிமொழி எழுதியிருந்தாலும், அவர் அதை மேலிடத்திலிருந்து வந்த இன்னொரு படிவமாகவே நிரப்புவார். தாபன விதிக்கோவை அரச உத்தியோகத்தர்கள் வெளியாருக்குத் தகவல் வழங்குவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும், சமூக ஊடகங்களில் கருத்து வெளியிடுவது குறித்து 2022இல் அரசு விடுத்த எச்சரிக்கையும் அவருடைய நினைவில் இருக்கும். பெரும்பாலும் அதிபர் வினாக்கொத்துக் கட்டு ஒன்றைப் பகுதித் தலைவரிடம் கொடுப்பார். இடைவேளையில் நாலைந்து பேர் ஒரே மேசையில் இருந்து ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டு நிரப்புவார்கள். பிறகு அந்தக் கட்டு மீண்டும் அதிபரின் அலுவலகத்துக்கே போகும். ஒரு பாடசாலையிலிருந்து வந்த விடைகள் அனைத்திலும் ‘திருப்தி’ என்ற கட்டத்திலேயே அடையாளம் இடப்பட்டிருப்பதைக் கண்டு, அங்கே தொழில் திருப்தி உயர்வாக உள்ளது என்று முடிவெழுதிய ஆய்வேடுகளைப் படித்திருக்கிறேன். அந்த எண்கள் அளந்தது ஓய்வறையின் ஒற்றுமையை.

இதைத் தவிர்க்க ஒரு சூத்திரம் கிடையாது. காலம் செலவிட வேண்டும். கடிதத்தைக் கொடுத்தபின் முதற் சில வாரங்கள் எதையும் கேளாமல் பாடசாலையில் இருங்கள். ஆசிரியர் வராத வகுப்புக்குப் பதில் கடமையாகப் போகச் சொன்னால் மறுக்காமல் போங்கள். விளையாட்டுப் போட்டிக்கோ தமிழ்த்தினப் போட்டிக்கோ பிள்ளைகளை ஆயத்தம் செய்யும்போது கூட நின்று உதவுங்கள். உங்கள் பக்கமிருந்தும் ஏதோ வருகிறது என்று கண்டால்தான் ஆசிரியர்கள் பேசுவார்கள். வகுப்பறை அவதானமும் அப்படியே. இங்கே வகுப்பின் பின்வரிசையில் குறிப்பேட்டோடு இருப்பவர் ஆசிரிய ஆலோசகராகவோ வெளிவாரி மதிப்பீட்டுக் குழுவினராகவோ இருப்பதுதான் வழக்கம் என்பதால், முதல் நாட்களில் நீங்கள் பார்ப்பது உங்களுக்கென்று நடத்தப்படும் மாதிரிப் பாடம். பாடக்குறிப்பும் சுத்தமாக இருக்கும், கற்பித்தல் உபகரணமும் சுவரில் தொங்கும். அது நாட்கணக்கில் மெல்ல மெல்லத்தான் கலையும்.

நேர்காணலைப் பாடசாலைக்குள் வைக்காதீர்கள். தீவகத்துக்குக் கடமைக்குப் போகும் ஆசிரியர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காகக் காத்திருக்கும் நேரத்திலும், வன்னிப் பாடசாலைகளுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் பேருந்திலும் பேசுவது, அதிபரின் அறைக்கு அடுத்த அறையில் பேசுவதைவிட வேறாக இருக்கும். பேருந்தில் ஒலிப்பதிவு செய்ய வேண்டாம், செய்யவும் முடியாது. பேசியதை அன்றிரவே எழுதிவைத்து, அதைப் பயன்படுத்தலாமா என்று பின்னர் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த சிரமம், ஆசிரியர் என்று யாரைக் கொள்வது என்பது. வலயத்திடமிருந்து பெயர்ப்பட்டியலை வாங்கி எழுமாற்றாக மாதிரி எடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பட்டியலில் ஒரு பாடசாலையில் இருக்கும் ஆசிரியர் தற்காலிக இணைப்பில் வேறொரு பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருப்பார். போர்க்காலத்திலும் அதன் பின்னரும் சிறிய கொடுப்பனவுக்கோ கொடுப்பனவே இன்றியோ வகுப்புகளைத் தாங்கிய தொண்டர் ஆசிரியர்களுள் பலர், நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இறங்கிப் போராடியவர்கள். அவர்கள் கற்பித்த காலத்தில் ஆசிரியர் சேவைப் பட்டியலில் அவர்களின் பெயர் இருக்கவில்லை. அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நியமனம் பெற்றுப் பாடசாலையில் பாடம் எடுக்கும் பட்டதாரிகளும் இருக்கிறார்கள். இவர்களை விட்டால், தொழிற் பாதுகாப்பின்மை என்ற மிக முக்கியமான பொருளே உங்கள் ஆய்வில் இல்லாமற் போய்விடும். ஆண்டுப் பாடசாலைத் தொகைமதிப்பின் தரவைக் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். அதன்பின் ஒவ்வொரு பாடசாலையிலும் நேரசூசியை எடுத்து, பாடவேளைகளில் உண்மையாகவே நிற்பவர் யார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் நேரசூசிதான் நம்பத்தக்க பட்டியல்.

இடமாற்றத்தைப் பற்றி விரிவாகக் கேளுங்கள் என்று பரிந்துரைக்கிறேன். சிக்காகோ நகரின் அரச பாடசாலை ஆசிரியர்கள் 60 பேரை நேர்கண்டு 1952இல் எழுதிய சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர், அவர்களுடைய தொழில் வாழ்க்கை மேல்நோக்கிய பதவிப் படிகளாக அமையாமல், கடினமான பாடசாலையிலிருந்து வசதியான பாடசாலைக்குப் பக்கவாட்டில் நகரும் பயணமாக அமைந்திருந்ததைக் காட்டினார். இங்கே அந்தப் பயணத்துக்கு நிருவாகமே படம் வரைந்துவைத்திருக்கிறது: கஷ்டப் பிரதேச சேவை, வெளிமாவட்ட சேவை, பின்னர் சொந்த வலயம், அதன்பின் நகரப் பாடசாலை. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ நெடுந்தீவிலோ ஆரம்ப ஆண்டுகளைக் கழித்தவர், தாம் எந்த வரிசையில் எங்கெங்கே கடமையாற்றினார் என்று சொல்லத் தொடங்கினால், திருமணம், பிள்ளைகள், பெற்றோரின் முதுமை, அரசியற் செல்வாக்கு, தொழிற்சங்கம் எல்லாம் தாமாகவே அந்தக் கதைக்குள் வந்துசேரும். ‘உங்கள் சமூக அந்தஸ்து குறித்து நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் இரண்டு வரிதான் கிடைக்கும். 2021ஆம் ஆண்டு யூலை மாதம் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்த சம்பள முரண்பாட்டுப் போராட்டத்தில், இணையவழிக் கற்பித்தலிலிருந்து அவர் விலகி நின்றாரா, அப்போது பெற்றோர் அவரிடம் என்ன சொன்னார்கள் என்பதும் அப்படிப்பட்ட ஒரு நல்ல கேள்வி.

நாட்டின் ஆசிரியர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். ஆகவே பெண்களின் நாளைப் பற்றிய அறிவின்றி உங்கள் கால அட்டவணையை வகுக்க முடியாது. பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 1.30க்கு முடிகிறது, அதற்கு முன் சமையல், பயணம், அதற்குப் பின் சமையல், பிள்ளைகளின் ரியூசன், பாடக்குறிப்பு. வீட்டில் சந்திக்கலாம் என்றால், பக்கத்தில் கணவரோ மாமியாரோ இருப்பார். ஆண் ஆய்வாளர் தனியே பேசுவது பல வீடுகளில் இயலாது. நீங்கள் ஆணாக இருப்பின், பெண் உதவி ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள், அல்லது பெண் ஆசிரியர் இருவர் மூவராகச் சேர்ந்து பேசும் சந்தர்ப்பங்களை ஏற்படுத்துங்கள். கூட்டமாகப் பேசும்போது சிலவற்றை மறைப்பார்கள். ஆனால் அதிபர்களைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும் ஒருவர் தொடங்கியதை மற்றவர் நிரப்புவார்.

சாதியைப் பற்றி உங்கள் வினாக்கொத்தில் ஒரு கேள்வி இருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை நீக்கிவிடுங்கள், ஆனால் பொருளை ஆய்விலிருந்து நீக்காதீர்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியத் தொழிலின் சமூக வரலாற்றைச் சாதியை விட்டுவிட்டு எழுத முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசனறிமாரும், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் வழிவந்த சைவப் பாடசாலைகளும் உருவாக்கிய ஆசிரியர் வர்க்கம் பெரும்பாலும் நிலமுடைய சாதியிலிருந்தே வந்தது. 1920களின் இறுதியிலும் 1930களிலும், பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக இருத்தும் சம ஆசனம் நடைமுறைக்கு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அதே காலத்தில் அதற்காக வாதாடிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகமும் ஓர் ஆசிரியரே. ஆசிரியர்கள் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள் என்பதை உங்கள் வரலாற்று அத்தியாயம் மறைக்கக்கூடாது.

இன்றைய நிலையை அளப்பதற்கோ அடிப்படைத் தரவு எதுவும் கிடையாது. குடிசன மதிப்பீடு இனத்தையும் மதத்தையும் கேட்கிறதே தவிரச் சாதியைக் கேட்பதில்லை. நேரடியாகக் கேட்டால் கட்டம் வெறுமையாகத் திரும்பும். அல்லது ‘இப்ப உதெல்லாம் இல்லை’ என்ற விடை வரும். அதைச் சொல்பவர் பொய் சொல்லுகிறார் என்று கொள்ளத் தேவையில்லை. அவருக்கு அது தென்படாத இடத்தில் அவர் இருக்கலாம். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஆசிரியராக வந்தவருக்கு அது வேறு விதமாகத் தெரியும்: எந்தப் பாடசாலைக்கு அதிபராகப் போனபோது பழைய மாணவர் சங்கம் முணுமுணுத்தது, எந்தச் சக ஆசிரியரின் வீட்டுக் கொண்டாட்டத்துக்குத் தமக்கு மட்டும் அழைப்பு வரவில்லை, எந்தக் கோயிலின் திருவிழாவில் தாம் எங்கே நின்றார் என்று அவர் சொல்லுவார், உங்களை நம்பினால். அந்த நம்பிக்கையைப் பெறும்வரை அதைத் தேடிப் போகாதீர்கள். ஒருவருடைய ஊரையும் குறிச்சியையும் வைத்து அவருடைய சாதியை நீங்களாகவே ஊகித்து அட்டவணையில் இடுவதையும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அது தவறான தரவு என்பதோடு, அவர் கொடுக்காத ஒன்றை அவர் பெயரில் எழுதுவதாகும். இந்த விடயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே பேசுகிறேன், காரணம் இது எளிதில் நடந்துவிடுகிறது.

ரியூசன் வருமானத்தைப் பற்றியும் நேரடி விடை கிடைக்காது. தம் வகுப்பு மாணவரையே மாலையில் கட்டணத்துக்குக் கற்பிக்கிறாரா என்று கேட்டால் எவரும் ஆம் என்று எழுதமாட்டார். சந்திச் சுவர்களிலுள்ள விளம்பரங்களும் தனியார் கல்வி நிலையங்களின் நேரசூசிகளும் பகிரங்கமானவை, அங்கிருந்து தொடங்கலாம். தரம் 5 புலமைப்பரிசிலும் க.பொ.த. உயர்தரமும் ஒரு குடும்பத்தின் மாதச் செலவை எப்படி வகுக்கின்றன என்று பெற்றோரிடம் கேட்பது இன்னும் பயன் தரும்.

போரைப் பற்றி உங்கள் வினாக்கொத்தில் உள்ள பகுதியையும் எடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்கள், 2009 மே வரை வன்னியில் மரநிழலிலும் கொட்டகையிலும் கற்பித்தவர்கள், 1990இல் வெளியேற்றப்பட்டு நீண்டகாலத்தின் பின் திரும்பிய முஸ்லிம் ஆசிரியர்கள், வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டு வேறிடத்தில் இயங்கிய பாடசாலைகளில் கடமையாற்றியவர்கள் ஆகியோரின் அனுபவத்தை ‘பாதிக்கப்பட்டேன் / பாதிக்கப்படவில்லை’ என்று இரண்டு கட்டங்களுக்குள் அடைக்க முடியாது. வாழ்க்கை வரலாற்று நேர்காணலில் அது வரும் இடத்தில் வரட்டும். வரும்போது அடுத்த கேள்விக்கு அவசரப்பட வேண்டாம். ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். யார் எதைச் சொன்னார் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு இங்குள்ளவர்களின் உடம்பில் ஊறியது. அதைத் தயக்கமாகவோ ஒத்துழையாமையாகவோ எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பாடசாலையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் எழுதியபோது, பாடசாலைப் பருவம் முடிவதற்குள் ஒரு மாணவன் ஏறத்தாழ 13,000 மணித்தியாலங்கள் ஆசிரியர்களைப் பார்த்துவிடுகிறான் என்று கணக்கிட்டார். ஆசிரியராகப் போகிறவர்களைப் பற்றி அவர் அதைச் சொன்னார். ஆய்வாளருக்கும் அது பொருந்தும். அந்தப் பார்வை மாணவர் வாங்கிலிருந்து பார்த்த பார்வை. உங்களுக்குக் கற்பித்த ஆசிரியருக்கு நீங்கள் இன்றும் பிள்ளைதான். அவர் அன்போடு உங்களை இருத்தித் தேநீர் தந்து, நீங்கள் நன்றாக வர வேண்டும் என்று வாழ்த்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அனுப்பிவிடுவார். சொன்னாலும் ‘உதை எழுதிப்போடாதையும் பிள்ளை’ என்று முடிப்பார். நீங்களும் அவரைக் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டீர்கள். ஆகவே முன்னோட்ட ஆய்வை அங்கே செய்யுங்கள், பிரதான ஆய்வை வேறு வலயங்களிற் செய்யுங்கள். நீங்களே சேவையிலுள்ள ஆசிரியராக இருப்பின் சிக்கல் இன்னும் கூடும். கல்வியியல் முதுமாணி ஆய்வுகளிற் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. ஓய்வறை மொழி உங்களுக்குத் தெரியும் என்பது நன்மை. ஆனால் சக ஆசிரியராகக் கேட்டதை ஆய்வாளராக எழுதலாமா என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டே தீர வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது அடையாளம் மறைத்தல். பெரிய நகரத்தில் பெயரை மாற்றினால் ஆள் மறைந்துவிடுவார். இங்கே மறையமாட்டார். ‘தீவக வலயப் பாடசாலையொன்றில் உயர்தரப் பௌதிகவியல் கற்பிக்கும் பெண் ஆசிரியர்’ என்று எழுதினால், அந்த வலயத்தில் உள்ள எவரும் ஒரு நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடுவார். பாடம், பால், சேவை ஆண்டுகள், முன்பு கடமையாற்றிய மாவட்டம் ஆகியவற்றுள் இரண்டு சேர்ந்தாலே போதும். எனவே பின்னிணைப்பில் பங்குபற்றியோரின் அட்டவணையைப் போடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பரீட்சகர் கேட்டால் தனியே காட்டலாம். மேற்கோள்களைப் பாடத்தோடும் பாடசாலையோடும் இணைக்காமல், பிரச்சினையோடு மட்டும் இணையுங்கள். சில நல்ல மேற்கோள்களை இழக்க நேரும், இழந்துவிடுங்கள். ஒலிப்பதிவுகளையும், உண்மைப் பெயர்களைக் காட்டும் பெயர்த் திறவுகோலையும் ஒரே கணினியில் வைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் வழிகாட்டியோடு சேர்ந்து ஒருமுறை வாசியுங்கள்.

ஆய்வை ஓராண்டுக்கு மேல் நீட்டித்து அதே ஆட்களைத் திரும்பச் சந்திக்க நினைத்தால், சிலர் அங்கே இருக்கமாட்டார்கள் என்பதையும் கணக்கிற் கொள்ளுங்கள். 2022 நெருக்கடியில் அரச உத்தியோகத்தர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழி திறக்கப்பட்டது. ஆண்டு தொடங்கும்போது இடமாற்றங்களும் வரும். போனவர்களையும் தொலைபேசியில் தொடருங்கள். சேவையை விட்டுப் போனவர், சேவையிலிருக்கும்போது சொல்லாததைச் சொல்லுவார்.

முடிவுகளை யாரிடம் முதலிற் கொடுப்பது என்பதை இப்போதே தீர்மானித்து, அனுமதிக் கடிதத்தைக் கையளிக்கும்போதே அதிபருக்கும் வலயத்துக்கும் எழுத்திற் கொடுங்கள். இடைநடுவில் ‘எங்கட ஆசிரியர்கள் என்ன சொல்லுகினம்?’ என்று அதிபர் நட்பாகக் கேட்பார். நட்பாகக் கேட்பதால்தான் மறுப்பது கடினம். எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளைக் காட்டி விலகிக்கொள்ளலாம். முதல் வரைவைப் பங்குபற்றிய ஆசிரியர்களுக்கு, பாடசாலைக்கு வெளியே ஓரிடத்தில், வாசித்துக் காட்டுங்கள். தம்மை அடையாளம் காட்டும் வரிகளை அடித்துவிடும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் அடித்தபின் மிஞ்சுவதையே திணைக்களத்துக்குச் சமர்ப்பியுங்கள்.